ஒரு கறையும் பல சொற்களும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில், கரமனையாற்றின் கரையில் அமைந்த ஊர் கரமனை. தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் இடம் அது. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. கரமனை கேரளத்தில் நின்றது. அங்குள்ள தமிழர்க்கு வீட்டில் தமிழ், கடைவீதியில் மலையாளம், படிப்பில் ஆங்கிலம். பம்பாயிலும் கல்கத்தாவிலும் தில்லியிலும் வாழும் நம்மவர் நிலையும் இதுவே அன்றோ? இத்தகைய வாழ்க்கையில் சொற்கள் எவ்வாறு நழுவுகின்றன என்பதை ஓர் ஆங்கிலச் சொல்லைக் கொண்டு காண்போம். ‘ஸ்டெயின்’ என்பதே அச்சொல்.

வாழைப்பூ ஆயும் தாயின் அருகில் அமர்ந்த சிறுவன், “அம்மா, சட்டையிலே ஸ்டெயின்!” என்கிறான் என வைத்துக்கொள்வோம். தாய்க்குப் பொருள் விளங்கிவிடுகிறது. ஆயினும், ‘வாழைக்கறை’ என்று அவன் சொல்லியிருந்தால், கறை எதனால் வந்தது என்பதும், எளிதில் போகாது என்பதும் சேர்ந்தே விளங்கியிருக்கும். வாழையின் பால் முதலில் நிறமற்றே தோன்றும். அதிலுள்ள துவர்ப்புப் பொருள் காற்றுப் பட்டதும் கறுத்து, நூலிழையில் ஊறிவிடும். மலையாளத்திலும் இதற்குக் ‘கற’ என்றே பெயர்.

‘ஸ்டெயின்’ என்னும் சொல்லின் வரலாறு வியப்புக்குரியது. நிறத்தை நீக்குதல் என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல் ஒன்றும், வண்ணம் பூசுதல் என்னும் பொருளுடைய வட ஐரோப்பியச் சொல் ஒன்றும் ஆங்கிலத்தில் கலந்து ஒன்றாயின. பிரெஞ்சுச் சொல்லின் மூலம், சாயத்தில் தோய்த்தலைக் குறிக்கும் ஓர் இலத்தீன் வினை. நம் வீட்டு மருந்துப் பெட்டியில் இருந்த ‘டிங்சர்’ என்பதும் அவ்வேரிலிருந்து கிளைத்ததே. எனவே நிறம் கெடுவதும் நிறம் ஏறுவதும் ஆகிய இரண்டையும் அந்த ஒரு சொல் தாங்கி நிற்கிறது.

தமிழோ இவற்றைத் தனித்தனியே பிரித்து வைத்திருக்கிறது. துவைத்தால் போவது அழுக்கு. ஊறி நிலைப்பது கறை. வெற்றிலைக் கறை, இரத்தக் கறை என்பவை காண்க. கண்ணாடியில் தூசியெனப் படிந்து ஒளியை மறைப்பது மாசு. மனத்தின் தூய்மையைக் கூறுமிடத்து வள்ளுவர் இச்சொல்லை ஆண்டார். உடலோடு பிறந்த அடையாளம் மறு. திங்களிடத்துக் காண்பதும் மறுவே. புண் ஆறியபின் எஞ்சுவது வடு. ஒருவரது நற்பெயரைக் கெடுப்பது களங்கம். ஆங்கிலத்தில் சட்டைக்கும் நற்பெயருக்கும் ‘ஸ்டெயின்’ என்ற ஒரே சொல் பொருந்தும். தமிழில் மறுவைக் கறை என்றால், பிறவியில் அமைந்ததைப் பின்னர் ஒட்டியதாக்கி விடுவோம். கறை எல்லாம் இழிவும் அன்று. ஆலகாலம் உண்ட சிவபெருமானைக் கறைக்கண்டன் என்று போற்றுவது நம் மரபு.

ஆய்வுக்கூடத்திலோ ‘ஸ்டெயின்’ என்பது நன்மைக்கே உரியது. கிருமிகள் பெரும்பாலும் நிறமற்றவை. உருப்பெருக்கியிலும் அவற்றைத் தெளிவாகக் காண்பது அரிது. 1882இல் இராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைச் சாயமேற்றியே உலகுக்குக் காட்டினார். 1884இல் டென்மார்க்கு நாட்டு மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம், கிருமிகளை இரு பெரும் பிரிவாக வகுக்க உதவும் சாயமுறையை வெளியிட்டார். ஆகவே சோதனைத் தாளில் ‘கிராம் ஸ்டெயின்’ என்றிருப்பதைக் கண்டு, நுரையீரலில் கறை படிந்துவிட்டதோ என ஒருவர் அஞ்ச வேண்டுவதில்லை. இங்கு அதற்குரிய தமிழ் ‘சாயம்’ என்பதே. சொல்லறிவு ஒரு குடும்பத்தின் கலக்கத்தையே போக்கிவிடலாம்.

இனிச் சமையலறைக்கு வருவோம். 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி உருவாக்கிய குரோமியம் கலந்த எஃகுக்கு, கறைபடாதது என்னும் பொருளில் ‘ஸ்டெயின்லெஸ்’ என்ற அடைமொழி அமைந்தது. அதன் மேல் படரும் மெல்லிய குரோமிய ஆக்சைடுப் படலமே துருவைத் தடுக்கிறது. தமிழர் அதனை ‘எவர்சில்வர்’ என்றனர். அதில் வெள்ளி சிறிதும் இல்லை. எனினும் என்றும் மங்காத வெண்மையைக் கண்டு நம்மவர் வழங்கிய பெயர் அது.

இறுதியாக ஓர் எழுத்து வேறுபாடு. வேட்டியின் ஓரத்தில் நெய்தது கரை. வேட்டியில் படிந்தது கறை. தமிழ்நாட்டின் பல பகுதிகளில் பேச்சளவில் இவ்விரு ஒலிகளும் ஒன்றாகிவிட்டன. மலையாளமோ இன்றும் இவற்றைத் தெளிவாகப் பிரித்து ஒலிக்கிறது. குமரி மாவட்டத் தமிழிலும் இவ்வேறுபாடு கேட்கும். கரமனைத் தமிழ்ச் சிறுவன் கடைவீதியில் கேட்கும் அண்டைமொழி, அவனது தாய்மொழியின் எழுத்தையே அவனுக்கு நினைவூட்டக்கூடும்.

பிறமொழியோடு வாழ்வதால் தமிழ் தேய்ந்தே தீரும் என்பதில்லை. குழந்தை ‘ஸ்டெயின்’ என்று சொன்னால் கடிய வேண்டா. “அது கறையா, மாசா, மறுவா?” என்று ஒருமுறை கேட்போம். அவ்வொரு கேள்வியால், ஒரு சொல் இருந்த இடத்தில் பல சொற்கள் மீளும்.