பிறேக் மிதியின் பூச்சிய வழு

வேணியர் இடுக்கிமானியைக் கையிலெடுக்கும் மாணவன் முதலிற் செய்யவேண்டியது, அதன் தாடைகளை மூடி, அளவுகோல் பூச்சியத்தில் நிற்கின்றதா என்று பார்த்தலாகும். நில்லாவிடின் அவ்வேறுபாட்டைப் பூச்சிய வழு என்பர். கருவி உடைந்ததன்று, அது எண்ணத் தொடங்கும் இடமே பிழைத்துளது. ஆய்வுகூடத்தில் முதல் நாளிற் கற்பிக்கப்படும் இச்சிறு பாடமே, இக்காலத்து மோட்டார் வண்டிகளில் நல்ல உறுப்புக்களையும் கழற்றி எறியச் செய்யும் ஒரு பழுதை விளங்கிக்கொள்ளப் போதுமானதாகும்.

பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் முதலிய வண்டிகளிலே கால் மிதியை அழுத்தும். மிதி ஒரு தண்டைத் தள்ளும். தண்டு எண்ணெயை அழுத்தும். அவ்வமுக்கம் பாஸ்கலின் விதிப்படி நான்கு சில்லுகளுக்கும் செல்லும். பழுது நேரின் அது கண்ணுக்குத் தெரியும். எண்ணெய் கசிந்திருக்கும், அல்லது குழாயினுட் காற்றுப் புகுந்து மிதி பஞ்சுபோல் அமுங்கும்.

ஹைபிரிட் எனப்படும் கலப்பு வண்டிகளின் கதை வேறு. யப்பானில் 1997 டிசம்பரில் விற்பனைக்கு வந்த ரொயோட்டா பிறியஸும், 2011 டிசம்பரில் வந்த அக்குவாவும் இலங்கையெங்கும் பரவின. வன்னியும் அதற்கு விலக்கன்று. இவற்றிலே சாதாரணமாகக் கால் தள்ளுவது சில்லுக்குச் செல்லும் எண்ணெயையன்று. மிதியின் அருகிலுள்ள உணரி, மிதி எவ்வளவு தூரம் இறங்கிற்று என்பதை மின்னழுத்தமாக மாற்றிக் கணினிக்கு உரைக்கும். கணினி அதனைச் சாரதியின் விருப்பமாகக் கொண்டு, நிறுத்தும் வேலையிற் பாதியையோ முக்காலையோ மின்மோட்டரிடம் ஒப்படைக்கும். மோட்டர் அப்போது மின்பிறப்பாக்கியாகித் தன் வலுவைப் பற்றறிக்கு அனுப்பும். எஞ்சியதையே எண்ணெய் அமுக்கம் செய்யும். காலுக்குத் தோன்றும் எதிர்ப்புங்கூட ஒரு வில்லினால் ஆக்கப்பட்ட பாவனையேயாம்.

ஆதலின், மிதி முற்றாக மேலேயிருக்கும் நிலை எது என்பதைக் கணினி அறிந்திருத்தல் இன்றியமையாதது. அந்நிலையின் மின்னழுத்தத்தை அது நினைவிற் பதித்து வைத்திருக்கும். அதுவே அதன் பூச்சியம். பதிந்த பூச்சியமும் உண்மைப் பூச்சியமும் வேறுபடின், மிதியாத மிதியை மிதித்ததாகவோ, மிதித்ததைக் குறைவாகவோ அது கருத நேரும். ஐயுற்ற கணினி எச்சரிக்கை விளக்குகளை ஏற்றிவிடும். பழுது பெரிதாயின் மின்முறையைக் கைவிட்டு, வால்வுகளைத் திறந்து, கால் தரும் அமுக்கத்தையே நேராக முன் சில்லுகளுக்கு விடும். வண்டி நிற்கும், ஆனால் மிதி கடினமாகும், நிற்கும் தூரம் நீளும். பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் மாலைப்பொழுதில் மாட்டு மந்தை குறுக்கிடும்போது அந்நீட்சி எத்தகையது என்பதைச் சாரதிகளுக்கு விளக்கவேண்டுவதில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டுத் தனியார் கார்களுக்கு 2025இலேயே வழி திறந்தமையால், உள்ள வண்டிகளையே ஓட்டவேண்டியதாயிற்று. உடைத்த வண்டியிலிருந்து கழற்றிய உறுப்புக்கள் வேறொன்றிற் பொருத்தப்பட்டன. இஃது இயல்பே. ஆயின் மிதியையோ, உணரியையோ, பிறேக் கணினியையோ மாற்றியபின் பழைய பூச்சியம் செல்லாது. புதிதாகக் கற்பித்தல் வேண்டும். அவ்வாறு கற்பிக்காது விட்டு, விளக்கு அணையவில்லை என்று இரண்டாவது உணரியையும் விலைக்கு வாங்குவது வீண் செலவு.

பிழையறியும் முறை யாது? கணினியிற் பதிந்துள்ள குறியீட்டை முதலில் வாசித்து எழுதிக்கொள்ளல் வேண்டும். பிறியஸ் வண்டியில் சி 1247 என்பது மிதி உணரியைச் சுட்டும். சி 1345 என்பது அமுக்க வால்வுகளின் தொடக்க அளவு கற்கப்படாமையைச் சுட்டும். குறியீடு நோயின் பெயரன்று, வலிக்கும் இடமே. அடுத்துப் பார்க்கவேண்டியது சிறிய 12 உவோற்றுப் பற்றறி. ஓய்விலே ஏறத்தாழ 12.6 காட்டவேண்டிய அது 12க்குக் கீழிறங்கின், எந்த உணரியின் சொல்லையும் நம்புதற்கில்லை. பின்னர் மிதியடியிலே குனிந்து நோக்குதல் தகும். தடித்த காலிதழ் மிதியைத் தாங்குகின்றதா? பிறேக் விளக்கின் சுவிச்சு ஒழுங்கு தப்பி மிதியை முற்றாக மேலெழ விடாது தடுக்கின்றதா? எலி கடித்த வயரும் கழன்ற இணைப்பியும் இந்நாட்டிற் புதுமையல்ல.

இவை நலமாயின் உண்மைச் சோதனை தொடங்கும். சோதனைக் கருவியிற் கணத்துக்குக் கணம் மாறும் அளவைத் திரையிலிட்டு, மிதியை மிக மெதுவாக இறக்கி மெதுவாக விடல் வேண்டும். உணரி இரு சைகைகளை அனுப்பும். ஒன்று ஏற மற்றது இறங்குமாறு அமைத்திருப்பது ஒன்றை மற்றொன்று காத்தற்பொருட்டாகும். அளவு ஓரிடத்திலே துள்ளினாலோ, அற்றுப் போனாலோ, இரு சைகைகளும் ஒவ்வாவிடினோ, உணரியோ அதன் வயரோ பழுது. மாறாக, அளவு தடையின்றி ஏறி இறங்கியும் தொடக்க இடம் மாத்திரம் விலகியிருப்பின் அது பூச்சிய வழு, உணரி குற்றமற்றது. இவ்வொரு வேறுபாட்டை அறிந்தவன் பாதித் தொழிலை அறிந்தவனாவான்.

பூச்சியம் கற்பித்தல் கடினமன்று. வண்டியைச் சமநிலத்தில் நிறுத்தி, நெம்பைத் தரிப்பு நிலையிலிட்டு, பழைய பதிவை அழித்து, அவ்வண்டிக்குரிய கைந்நூலின் ஒழுங்குப்படி புதியதைப் பதியச் செய்தல் வேண்டும். அவ்வேளை மிதியின்மேற் கால் படலாகாது. பட்டால் அழுத்திய நிலையே பூச்சியமாகிவிடும். பழுது முன்னதிலும் பெரிதாகும். வழக்கத்தால் மிதியிற் கால் வைத்தபடியே சாவியைத் திருப்பும் சாரதியை அவ்வேளை ஆசனத்தில் இருத்தாமை நன்று. மற்றொரு கவனம்: இவ்வண்டிகள் சிலவற்றிற் சாரதியின் கதவைத் திறந்த மாத்திரத்தே பிறேக் பம்பு இயங்கி உயரமுக்கத்தைச் சேர்த்துவிடும். அதனை அறியாது எண்ணெய்க் குழாயைக் கழற்றுவது ஆபத்து.

பழுது எப்போதும் பொருளில் இருப்பதன்று என்பதற்கு உலகறிந்த சான்றுமுண்டு. 2010 பெப்ரவரியில் ரொயோட்டா நிறுவனம் பிறியஸ் உள்ளிட்ட நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளைத் திருப்பி அழைத்தது. வழுக்கும் தரையிலே பிறேக் ஒருகணம் தளர்வதாகச் சாரதிகள் முறையிட்டிருந்தனர். திருத்தப்பட்டது கணினியின் நிரலே.

கிளிநொச்சி அறிவியல்நகரில் இலங்கை – ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம் 2016 முதல் மோட்டார்த் தொழிலையும் கற்பித்து வருகின்றது. அத்தகைய பயிற்சி பெற்றவர்கள் திருத்தகங்களுக்கு வருங்கால், வண்டியுரிமையாளர் அவர்களிடம் கேட்கவேண்டியது ஒன்றுண்டு: உறுப்பை மாற்றுமுன் மிதி மேலேயிருக்கையில் உணரி காட்டிய அளவு எவ்வளவு, கற்பித்தபின் எவ்வளவு? இரண்டையும் பற்றுச்சீட்டிலேயே எழுதச் செய்து வைத்துக்கொள்ளலாம். கற்பித்த பூச்சியம் சில வாரங்களில் மீண்டும் விலகுமாயின், மிதியின் ஆணியோ உணரியின் பிடியோ தளர்ந்துளது என்று அவ்விரு எண்களே காட்டிக்கொடுக்கும்.