பெருந்தொற்றுக் காலத்தில் மக்களுக்கான அறிவிப்பை எழுதுவது எப்படி?

உங்கள் ஊராட்சிக்கோ பள்ளிக்கோ நோய்த்தடுப்பு அறிவிப்பு ஒன்றைத் தயாரிக்கும் பொறுப்பு உங்களிடம் வந்தால், வாசகங்களை எழுதத் தொடங்குமுன் ஒன்றைச் சிந்தியுங்கள்: இதைப் படித்தவர் அடுத்து என்ன செய்வார்?

2014ஆம் ஆண்டு கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய நாடுகளில் எபோலா பரவியபோது, இந்நோய் உயிரைப் பறிக்கும், இதற்கு மருந்து இல்லை என்பதே தொடக்ககால அறிவிப்புகள் பலவற்றின் சாரமாக இருந்தது. அங்கீகரிக்கப்பட்ட மருந்தோ தடுப்பூசியோ அன்று இல்லாததால் அதில் பொய்யேதும் இல்லை. ஆயினும், மருந்தில்லாத நோய்க்கு மருத்துவமனை எதற்கு என்று எண்ணிய குடும்பங்கள் நோயாளிகளை வீட்டிலேயே வைத்துப் பராமரித்தன. பராமரித்தவர்களையும் நோய் பற்றியது. விரைந்து சிகிச்சைக்கு வந்தால், உடலின் நீரிழப்பை ஈடுசெய்து பிழைக்கும் வாய்ப்பைக் கூட்டலாம் என்ற செய்தியே முதலில் சென்றிருக்க வேண்டும்.

இறந்தவரின் உடலைக் கழுவி, தொட்டு விடைகொடுப்பது அப்பகுதிகளில் பரவலான வழக்கம். எபோலாவோ இறந்தவரின் உடலிலிருந்தும் தொற்றக்கூடியது. தொடக்கூடாது என்ற தடை மட்டும் சொல்லப்பட்ட இடங்களில் மறைவான அடக்கங்கள் நிகழ்ந்தன. 2014 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், பாதுகாப்பான அடக்கம் என்பதோடு நில்லாமல் கண்ணியமான அடக்கம் என்றும் குறிப்பிட்டு, குடும்பத்தினருக்கும் சமயத் தலைவர்களுக்கும் அதில் இடமளித்தது. எதைக் கைவிட வேண்டும் என்பதுடன், அதற்கு ஈடாக எதைச் செய்யலாம் என்பதையும் மக்கள் அறிய முடிந்தது.

2020 ஏப்ரலில் சென்னையில் கோவிட் தொற்றால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் தடுத்துத் தாக்கியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நோய் கொடியது என்ற செய்தி அவர்களை எட்டியிருந்தது. உரிய நெறிமுறைப்படி அடக்கம் செய்யப்படும் உடலால் அக்கம்பக்கத்தாருக்கு ஆபத்தில்லை என்ற செய்தி எட்டவில்லை. அடக்கத்தைத் தடுப்போரைத் தண்டிக்க அவசரச் சட்டம் வந்தது அதன் பின்னரே.

சொல்தேர்விலும் கவனம் தேவை. ‘சமூக விலகல்’ என்ற சொல்லாட்சி, ஊரை விட்டு ஒதுக்கிவைக்கும் கொடுமையை அறிந்த நம் மக்களின் காதில் வேறு விதமாக ஒலிக்கக்கூடும். ‘தனிமனித இடைவெளி’ என்பதே பொருத்தமானது. எத்தனை அடி என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அச்சிடுமுன் அறிவிப்பை நான்கைந்து பேரிடம் வாசித்துக் காட்டி, புரிந்துகொண்டதை அவரவர் சொற்களில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர்களுள் ஒருவரேனும் எழுதப் படிக்கத் தெரியாதவராக இருக்கட்டும்.