குதிரை வாங்குவோர் கால்களைச் சோதிக்கும் முறை

ஈரோடு மாவட்டத்து அந்தியூரில் ஆண்டுதோறும் ஆடி மாதத்தில், குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தைக்கு மாடுகளுடன் குதிரைகளும் விற்பனைக்கு வருவதுண்டு. குதிரை வாங்குவோர் சுழியையும் நிறத்தையும் ஆராய்வது வழக்கம். ஆனால் சுழி வண்டியை இழுப்பதில்லை, கால்களே இழுக்கின்றன.

முன்னங்காலில் நாம் முழங்கால் என்று கூறும் மூட்டு உண்மையில் நமது மணிக்கட்டிற்கு ஒப்பானதாகும். குதிரை ஒவ்வொரு காலிலும் ஒற்றை நடுவிரலின் நுனியில், அதன் நகமாகிய குளம்பை ஊன்றியே நிற்கிறது. உடற்பாரத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 60 பங்கு முன்னங்கால்களின்மேல் விழுவதால், நொண்டலும் அவற்றிலேயே மிகுதி. அதற்குரிய காரணமோ பெரும்பாலும் குளம்பில் இருக்கும். தோளில் எண்ணெய் தேய்த்து நாட்களைக் கழிப்பது வீண்.

நடக்கும்போது தெரியாத நொண்டல், குறுக்குக்கால்கள் இரண்டிரண்டாக ஊன்றும் ஓட்டநடையில் வெளிப்படும். ஆகவே கடினமான சமதரையில், கயிற்றைத் தளர்த்திப் பிடித்து ஓட்டச் சொல்லவேண்டும். வலியுள்ள முன்னங்கால் தரையில் படும்போது தலை மேலெழும். நல்ல கால் படும்போது தாழும். பின்னங்காலில் நோவு இருப்பின், அப்பக்கத்து இடுப்பு அதிகமாக ஏறியிறங்கும். முன்னங்கால்கள் இரண்டிலும் வலியிருந்தால் தலையசைவு இராது. அடிகள் மட்டும் குறுகும். மணற்பாங்கில் மட்டுமே ஓட்டிக் காட்டும் வியாபாரியிடம் எச்சரிக்கை தேவை. வலியை மறைக்கும் ஊசி போட்டு விற்பதும் இயலுமாதலால், விலை பெரிதாயின் கால்நடை வைத்தியரைக் கொண்டு பார்ப்பதே நலம்.

பின்பு குளம்பைத் தூக்கிப் பார்க்கவேண்டும். அடியிலுள்ள முக்கோணமான மென்பகுதியில் கருமையும் துர்நாற்றமும் காணின், ஈரமான லாயத்தில் கட்டப்பட்ட குதிரை என்று கொள்ளலாம். அடிப்புறத்தில் ஆணி ஏறினால் தனுர்வாதத்திற்கு ஊசி போடுவதில் தாமதம் கூடாது; இந்நோய்க்குக் குதிரை மிக எளிதில் இரையாகும்.

வாங்கியபின் மிகவும் அஞ்சத்தக்கது, தானியத்தை அளவின்றித் தின்றபின் குளம்பினுள் உண்டாகும் அழற்சியாகும். குளம்பையும் உள்ளெலும்பையும் பிணைக்கும் மடிப்புகள் வீங்கித் தளர்வதால், எலும்பு கீழ்நோக்கித் திரும்பவும் கூடும். குதிரை முன்னங்கால்களை முன்னே நீட்டி, பாரத்தைப் பின்னுக்குச் சாய்த்து நிற்கும், திரும்ப மறுக்கும். குளம்பு சுடும், கணுவின் பின்புறம் விரல் வைத்தால் நாடி பலமாக அடிக்கும். இரத்தம் ஓடட்டும் என்று இத்தகைய குதிரையை நடத்துவது பெருந்தீங்கு. தானியத்தை உடனே நிறுத்தி, தடித்த வைக்கோற்படுக்கையில் விட்டு, குளம்புகளைப் பனிக்கட்டி நீரில் நிறுத்தி, அன்றே வைத்தியரை அழைக்கவேண்டும். மறுநாள் வரை பொறுத்திருந்தால் குதிரை பிழைத்தும் வேலைக்கு உதவாமற் போகக்கூடும்.

குளம்பு மாதத்திற்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்வதாகையால், கெட்டுப்போன முன்சுவர் முழுதும் புதிதாவதற்கு ஏறக்குறைய ஓராண்டு செல்லும். லாடம் அடித்த குதிரைக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றிக் குளம்பைச் சீவி மறுபடி அடிக்கவேண்டும்.