ஒரு சாணுக்குள் ஒரு ராணுவ டிரக்

1944-ல் பிரான்ஸில் அமெரிக்கப் படைக்கு பெட்ரோலும் குண்டும் சுமந்த ஜிஎம்சி சிசிகேடபிள்யூ, இரண்டரை டன் டிரக். 1/35 அளவில் கிட் வாங்கினா ஒரு சாண் நீளம்கூட வராது.

முதல்ல சேசிஸ். பசை இறுகறதுக்குள்ள கண்ணாடி மேல வச்சுப் பாருங்க, எல்லா டயரும் தரையைத் தொடணும். கேபினை இப்பவே ஒட்டிடாதீங்க, அப்புறம் உள்ளே பிரஷ் போகாது.

பிரைமருக்கு மேல ஆலிவ் டிராப். டப்பாவில் இருக்கிற நிறத்தை அப்படியே அடிச்சா சின்ன மாடல்ல கறுத்துத் தெரியும். கொஞ்சம் பஃப் கலந்துக்கோங்க. வெள்ளை நட்சத்திர டெக்கால் ஒட்டும் முன் பளபள வார்னிஷ் கட்டாயம். சொரசொரப்பான மேட் பெயிண்ட் மேல ஒட்டினா அடியில் காற்று மாட்டி வெள்ளி மாதிரி மினுங்கும்.

நிறைய பேர் சொதப்புறது துருவில்தான். இந்த டிரக்குகள் ஓடின ரெட் பால் எக்ஸ்பிரஸ் நடந்ததே ஆகஸ்ட் முதல் நவம்பர் வரைதான். ஓட்டினவங்கள்ல பெரும்பாலோர் கறுப்பின வீரர்கள். தனிப் பிரிவுகளாக ஒதுக்கி வச்ச படைக்காகத்தான் ராப்பகலா ஓட்டினாங்க. அவங்க வண்டி துருப்பிடிக்க எங்கே நின்னுது? சக்கரத்தைச் சுத்தி சேறு, பின்பலகையில் புழுதி, கேபின் படியில் பூட்ஸ் தேய்ச்ச தடம், பெட்ரோல் கேன் ஏத்தி இறக்கின கீறல். அவ்வளவு போதும்.