ரெய்டு 5 அணியில் தரவு மீட்பு

ரெய்டு 5 என்பது மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வன்தட்டுகளை ஒரே சேமிப்பகமாக இணைக்கும் முறைகளுள் ஒன்றாகும். இவ்வணியில் ஏதேனும் ஒரு வன்தட்டு முற்றிலும் பழுதடைந்தாலும், அதிலிருந்த தரவுகளை எஞ்சியவற்றிலிருந்து கணக்கிட்டு மீட்க இயலும். இச்செயல் மீள்கட்டமைப்பு எனப்படுகின்றது.

வரலாறு

1978 இல் ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த நார்மன் ஓச்சி, பழுதடைந்த நினைவக அலகின் தரவை மீட்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1988 இல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிட் பாட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகியோர் வெளியிட்ட கட்டுரை ரெய்டு என்ற பெயரையும் அதன் ஐந்து நிலைகளையும் அறிமுகப்படுத்தியது. விலையுயர்ந்த பெரிய வட்டுக்கு மாற்றாக மலிவான சிறு வட்டுகள் பலவற்றைப் பயன்படுத்துவது அவர்களின் நோக்கமாகும். வட்டுகளின் எண்ணிக்கை கூடினால், அவற்றுள் ஒன்று பழுதடையும் வாய்ப்பும் கூடும். எனவே பழுதைத் தாங்கும் வழி தேவைப்பட்டது.

சமநிலைத் தரவு

ஒவ்வொரு வட்டிலும் ஒரே வரிசையிலுள்ள பிட்டுகளில் 1 என்பது ஒற்றைப்படை எண்ணிக்கையில் இருந்தால் 1, இல்லையெனில் 0 எனச் சமநிலைப் பிட்டு எழுதப்படும். இக்கணக்கீடு எக்சோர் எனப்படும்.

எடுத்துக்காட்டு:
* முதல் வட்டு: 1011
* இரண்டாம் வட்டு: 0110
* மூன்றாம் வட்டு: 1100
* சமநிலை: 0001

இரண்டாம் வட்டு பழுதடைந்தால் 1011, 1100, 0001 ஆகிய மூன்றையும் மீண்டும் எக்சோர் செய்ய, 0110 கிடைக்கும். இது தோராயமான மதிப்பன்று. இழந்த தரவே ஆகும். ரெய்டு 5 இல் சமநிலைத் தரவு தனியொரு வட்டில் வைக்கப்படாமல் எல்லா வட்டுகளிலும் பகிர்ந்து எழுதப்படுகின்றது.

மீள்கட்டமைப்பு

ஒரு வட்டு பழுதடைந்த பின்னரும் அணி தொடர்ந்து இயங்கும். இல்லாத தரவு கேட்கப்படும்போதெல்லாம் கணக்கிட்டுத் தரப்படுவதால் வேகம் குறையும். புதிய வட்டு பொருத்தப்பட்டதும், எஞ்சிய வட்டுகள் முழுவதும் படிக்கப்பட்டு, இழந்த தரவு அதில் எழுதப்படும். 4 டெராபைட்டு வட்டில் நொடிக்கு 150 மெகாபைட்டு வேகத்தில் எழுதினாலும் இதற்கு ஏழு மணிநேரத்திற்கு மேல் ஆகும். அணி பயன்பாட்டில் இருந்தால் இன்னும் நீளும்.

இடர்கள்

மீள்கட்டமைப்பு முடியும்வரை அணிக்கு எவ்விதப் பாதுகாப்பும் இல்லை. இன்னொரு வட்டு பழுதடைந்தால் அணியின் தரவு இழக்கப்படும். ஒரே காலத்தில் வாங்கி ஒரே அளவு உழைத்த வட்டுகள் அடுத்தடுத்துப் பழுதடைவதும் உண்டு. தவறுதலாக நல்ல வட்டைக் கழற்றினாலும் அணி செயலிழக்கும். ஆகவே கழற்றுமுன் வட்டின் வரிசை எண்ணைச் சரிபார்த்தல் இன்றியமையாதது.

படிக்க இயலாத பிட்டுகளும் இடராகும். தனிக்கணினிகளுக்கான வட்டுகள் பலவற்றில், 100 இலட்சம் கோடி பிட்டுகளைப் படிக்கையில், அதாவது 12.5 டெராபைட்டுக்கு, ஒரு பிழை வரை நேரலாம் எனத் தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகின்றனர். நடைமுறையில் பிழைகள் இதனினும் குறைவாகவே நிகழலாம். எனினும் 4 டெராபைட்டு வட்டுகள் ஐந்து கொண்ட அணியில் ஒன்றை மீட்க, 16 டெராபைட்டு படிக்கப்பட வேண்டும். இதனால் பெரிய அணிகளுக்கு இரு வட்டுகளின் பழுதைத் தாங்கும் ரெய்டு 6 பரிந்துரைக்கப்படுகின்றது.

காப்புநகலுடன் வேறுபாடு

ரெய்டு வட்டின் பழுதிலிருந்து மட்டுமே காக்கும். பயனர் தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால், அவ்வழிப்பு உடனே அணி முழுவதும் பதிவாகிவிடும். நச்சுநிரல், தீ விபத்து, திருட்டு ஆகியவற்றிலிருந்தும் ரெய்டு காக்காது. எனவே வேறிடத்தில் தனியாகக் காப்புநகல் வைத்திருத்தல் அவசியமாகும்.