அருவாமனையில் கருப்பு கறை... துருவா? தேய்த்து எடுக்கணுமா?

வாழைக்காய் நறுக்கின இரும்பு அருவாமனை கொஞ்ச நேரத்திலேயே கருத்துப் போகும். துருன்னு நினைச்சு பலர் தேய்த்து எடுத்துடுவாங்க. ஆனால் அது துரு இல்லை. துருப்பிடிப்பதை மெதுவாக்கும் படலம்!

ஏன் கருக்கிறது?
காய்களில் உள்ள அமிலமும், துவர்ப்பு தரும் டானினும் இரும்புடன் சேர்ந்து கருநீலப் படலமாக மாறுகின்றன. இதன் பெயர் ‘பாட்டினா’. எவர்சில்வரில் குறைந்தது 10.5% குரோமியம் இருப்பதால் இப்படி கருப்பதில்லை.

கல்வராயன்மலை கடுக்காய்
கள்ளக்குறிச்சி மாவட்டம் கல்வராயன்மலையில் மலைவாழ் மக்கள் சேகரிக்கும் கடுக்காயில் டானின் அதிகம். அந்தக் காலத்தில் கடுக்காயுடன் இரும்புச்சத்து சேர்த்து எழுதும் மை தயாரித்ததும் இதே வினையால்தான்.

நாமே நிறம் ஏற்றலாமா?
* இரும்புக் கத்தியை சோப்பு போட்டுக் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைக்கவும்.
* கொதிக்க வைத்து ஆறிய கடுக்காய் நீர் அல்லது வினிகரில் அலகை மட்டும் வைக்கவும். வினிகர் என்றால் 10 - 15 நிமிடம் போதும்.
* டிசைன் வேணுமா? வினிகரில் குழைத்த கடுகு விழுதை புள்ளி புள்ளியாக வைக்கவும். தொட்ட இடம் ஒரு நிறம், தொடாத இடம் வேறு நிறம்.
* கழுவி, ஈரம் போகத் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவவும்.

கவனம்!
செம்பழுப்பாக உதிர்ந்தால் அதுதான் துரு; அதை மட்டும் தேய்த்து எடுங்க. சாணை பிடித்தால் முனையில் நிறம் போகும், பயப்பட வேண்டாம். நறுக்க நறுக்க தானாகவே திரும்ப வந்துடும்.