சூர்ப்பணகையின் தோட்டத்தில் சீதை: தோழமையால் மீளும் பெண்களைப் பேசும் ஓல்காவின் கதைகள்

காளஹஸ்தி: ஆந்திரப் பிரதேச மாநிலம், திருப்பதி மாவட்டத்தில் உள்ள காளஹஸ்தி, சிவாலயத்துக்கு மட்டுமன்றி கலம்காரி ஓவியத்துக்கும் பெயர் பெற்றது. மூங்கில் எழுதுகோலால் ராமாயணக் காட்சிகளைத் துணியில் தீட்டி, அவற்றின் கீழே தெலுங்கில் விளக்கம் எழுதுவது இவ்வூர்க் கலைஞர்களின் மரபு. அதே ராமாயணத்தை, அதே தெலுங்கு மொழியில், பெண்களின் பக்கத்திலிருந்து சொன்னவர் எழுத்தாளர் ஓல்கா.

தன்னை அறிதல், தோழமை, மனக்காயங்களிலிருந்து மீளுதல் ஆகியவற்றை மையமாகக் கொண்ட பெண் புனைகதைகளுக்கு இன்று உலகெங்கும் வாசகர்கள் உள்ளனர். வாழ்வில் முறிவைச் சந்தித்த ஒரு பெண், வேறு பெண்களின் துணையால் தன்னை மீட்டெடுப்பதே இத்தகைய கதைகளின் பொதுவான போக்கு. தெலுங்கில் இந்தப் போக்கிற்கு வலுவான எடுத்துக்காட்டாக ஓல்காவின் 'விமுக்தா' சிறுகதைத் தொகுப்பைக் கூறலாம்.

யார் இந்த ஓல்கா?

குண்டூரில் 1950-இல் பிறந்த போபூரி லலிதகுமாரியின் புனைபெயர் ஓல்கா. இடதுசாரி மாணவர் இயக்கத்தில் தொடங்கி, பின்னர் பெண்ணிய இயக்கத்தில் தீவிரமாகச் செயல்பட்டவர். திருமணத்துக்குப் பின் ஒரு பெண்ணுக்கு உண்மையான சுதந்திரம் கிடைக்கிறதா என்று கேட்ட 'ஸ்வேச்சா' நாவல் 1987-இல் வெளிவந்து, தெலுங்கு வாசகர்களிடையே பெரும் விவாதத்தை எழுப்பியது. 'விமுக்தா' தொகுப்புக்காக 2015-ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருது அவருக்கு வழங்கப்பட்டது.

நான்கு சந்திப்புகள்

இத்தொகுப்பில் சீதை நான்கு பெண்களைச் சந்திக்கிறாள். முதலாமவள் சூர்ப்பணகை. மூக்கும் காதும் அறுக்கப்பட்ட அவள், வெறுப்பிலும் அவமானத்திலும் உழன்ற பிறகு, அழகிய தோட்டம் ஒன்றை உருவாக்கி அதன் வழியே தன்னை மீட்டுக்கொண்டவளாக வருகிறாள். ஒரே ஆணின் பொருட்டு எதிரிகளாக நிறுத்தப்பட்ட இருவரும் இங்கே தோழியராகின்றனர்.

இரண்டாமவள் அகலிகை. அவள் அறிந்து தவறினாளா, அறியாமல் தவறினாளா என்பதே ஊரின் கேள்வி. அவ்வாறு விசாரிக்கும் உரிமையை அவர்களுக்கு யார் அளித்தது என்பது அகலிகையின் கேள்வி. வனவாச காலத்தில் சீதைக்கு விளங்காத அந்தச் சொற்கள், தீக்குளித்த பிறகே விளங்குகின்றன. கணவனின் ஆணைப்படி மகனால் தலை வெட்டப்பட்ட ரேணுகை, கற்பு என்னும் கருத்தையே சீதைக்கு முன் கேள்விக்கு உட்படுத்துகிறாள். பதினான்கு ஆண்டுகள் தனித்திருந்த ஊர்மிளையோ, அந்தத் தனிமையைத் துயரமாக அன்றி, தன்னைத் தேடும் காலமாக மாற்றிக்கொண்டவள்.

நால்வரும் சீதைக்கு அறிவுரை கூறி அனுப்புபவர்கள் அல்லர். தங்கள் காயத்தை எவ்வாறு கடந்தனர் என்பதை அவளுடன் பகிர்ந்துகொள்பவர்கள். ஆகவேதான், தன் தூய்மையை மீண்டும் ஒரு முறை சபையில் நிரூபிக்க வேண்டும் என்ற நிலை வரும்போது, அதை மறுக்கும் துணிவு சீதைக்குக் கிடைக்கிறது. கடைசிக் கதை ராமனையும் விட்டுவைக்கவில்லை. அரச தர்மத்தால் கட்டுண்டவனாக அவனைக் காட்டி, விடுதலை ஆணுக்கும் தேவைப்படுவதை உணர்த்துகிறது.

தமிழில் முன்னோடிகள்

தமிழ் வாசகர்களுக்கு இந்தக் களம் புதிதன்று. 1943-இல் வெளியான புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்' சிறுகதையில், தான் தீக்குளித்த செய்தியைச் சீதையே சொல்லக் கேட்டு அகலிகை மீண்டும் கல்லாகிறாள். அங்கு இரு பெண்களின் சந்திப்பு கல்லாவதில் முடிகிறது. ஓல்காவிடம் அதே சந்திப்பு மீட்சிக்கு வழி திறக்கிறது. அம்பையின் 'அடவி' கதையிலும் காட்டுக்குச் செல்லும் ஒரு பெண், சீதையின் கதையைப் புதிதாக எழுதுகிறாள்.

'விமுக்தா' தொகுப்பை கௌரி கிருபானந்தன் 'மீட்சி' என்ற பெயரில் தமிழில் மொழிபெயர்த்துள்ளார். அதற்காக அவர் சாகித்ய அகாதெமியின் மொழிபெயர்ப்பு விருதைப் பெற்றார். ஆங்கில மொழிபெயர்ப்பு 2016-இல் வெளிவந்தது.

பிறர் கையால் கிடைக்கும் மன்னிப்பு வேறு, தானே அடையும் மீட்சி வேறு என்பதை இக்கதைகள் தெளிவுபடுத்துகின்றன. குடும்பத்தாலும் ஊராலும் இன்றும் விசாரணைக்கு உள்ளாக்கப்படும் பெண்களுக்கு, அந்த வேறுபாடு புராணக் காலத்துடன் முடிந்துபோன ஒன்றல்ல.